முழங்காலுக்கு மணல்

கிராசிங் வீடு, பென் அஹ்மத்
22 ஜனவரி 1987

கல்தூமுக்கு,

என் தம்பி புஷைபை எனக்குச் சொல்லாமல் புதைத்துவிட்டீர்கள். ஸலாமைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இந்தத் தவறு காகிதத்தில் ஏறட்டும்.

உன் மீதும் உன் மகள் நுஸ்ஹா மீதும் ஸலாம் உண்டாகட்டும். நீ இத்தாவில் இருக்கிறாய். புருஷனை இழந்து, வெள்ளை உடுத்தி நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாமல் இருக்க வேண்டியவள். உன் உடம்பை அல்லாஹ் காக்கட்டும். அந்த மரியாதைக்காகத்தான் நேரில் வந்து கேட்காமல் எழுதிக் கேட்கிறேன்.

இன்று சந்தையில் மத்தி மீன் வாங்க நின்றேன். கடற்கரைப் பக்கமிருந்து புதிதாக வரத் தொடங்கியிருக்கும் மீன்காரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அய்ன் தியாப் புஷைபுக்கு நீங்க என்ன வேணும்? அதே மூக்கு," என்றான். அண்ணன் என்றேன். அவன் தராசைக் கீழே வைத்துவிட்டான். "அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். அவர்கிட்டக் குடை வாடகைக்கு எடுக்காத ஆளே அந்தக் கரையில இல்ல. இன்னியோட பதிமூணு நாளாச்சுல்ல?"

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சந்தைக்கே தெரிந்துவிடும். ஆமீன் என்றேன். அரைக் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதைப் பூனை தின்றது.

முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட்டில் நின்றவன் நான். ஒரு காலி பாஸ்பேட் வண்டி வருவதென்றால்கூட முந்தின ஸ்டேஷனிலிருந்து மணி அடித்துச் சொல்வார்கள். என் தம்பி போனதற்கு எனக்கு மணி அடிக்க ஒருவரும் இல்லை.

இவற்றுக்குப் பதில் வேண்டும். அவனைக் குளிப்பாட்டியது யார்? ஜனாஸா தொழுகையில் முன்வரிசையில் நின்றது யார்? கபர் எங்கே? எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? கடைசிக் கேள்விக்கு எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் பொறுமையைக் கொடுக்கட்டும்.

ஜிலாலி


அய்ன் தியாப், காசாபிளாங்கா
5 பிப்ரவரி

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஹனியா அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த வருடம் குளிர் இங்கேயே எலும்பைத் தொடுகிறது, உங்கள் மேட்டு நிலத்தில் கேட்கவே வேண்டாம். போன ஆகஸ்டில் உங்கள் தம்பி அனுப்பிய மணல் மூட்டை வந்து சேர்ந்ததா? சேர்ந்ததாக உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வழக்கமாகவும் வராதுதான்.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல நுஸ்ஹா எழுதுகிறாள்.

குளிப்பாட்டியது மீன் சந்தைப் பள்ளிவாசல் மோதினார். முன்வரிசையில் குடைக்காரர்கள், டீக்காரர், பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி விடுகிற இரண்டு பேர். குதிரைகளைச் சுவரோரம் கட்டிவிட்டு வந்தார்கள். அன்றைக்குக் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி, தூக்கிக்கொண்டு போனவர்களை வாசலிலிருந்து பத்தடிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கபர், சாலையிலிருந்து உள்ளே தள்ளி மேட்டில் இருக்கும் கபர்ஸ்தானில். நாற்பதாம் நாளுக்குப் பிறகு தலைமாட்டில் மீஸான் கல் நட வேண்டும்.

கடைசிக் கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் ஸலாம். அக்காவின் கையை முத்தமிடுகிறேன்.

கல்தூம்

பெரியப்பா, இது நுஸ்ஹா. கடைசிக் கேள்வி வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய தட்டுகளைக் கழுவுகிறாள். தயவுசெய்து கொஞ்ச நாள் விட்டுப்பிடியுங்கள்.


கிராசிங் வீடு
12 பிப்ரவரி

கல்தூமுக்கும் நுஸ்ஹாவுக்கும்,

ஸலாம். உங்கள் இருவருக்கும் சுகம் உண்டாகட்டும். எனக்கு உடம்பில் குறை ஒன்றுமில்லை.

விடச் சொன்ன கேள்வியை நான் விடவில்லை. விட்டுவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நீங்கள் ஏன் என்னை ஒதுக்கினீர்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதை நானே எழுதுகிறேன். நுஸ்ஹா அப்போது கைக்குழந்தை, அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

1968 கோடையில் புஷைப் கூப்பிட்டான் என்று நானும் ஹனியாவும் மூன்று நாள் அய்ன் தியாபுக்கு வந்தோம். வேலை செய்யாத மனிதர்களை அத்தனை பேராக ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மணலில் படுக்கிறார்கள். எழுந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள். மறுபடி படுக்கிறார்கள். யாருக்கும் எந்த வண்டியையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் ஹனியாவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனீர்கள். நான் சாலையிலேயே நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் கடற்கரைப் புகைப்படக்காரன் கயிற்றில் தொங்கவிட்டிருந்த படங்களுக்கு நடுவே என் மனைவி இருந்தாள். முழங்கால் தெரிய, வாய்விட்டுச் சிரித்தபடி, போகிறவர் வருகிறவர் பார்க்க. புஷைபைக் கூப்பிட்டுக் காட்டினேன். "படம்தானேண்ணே, காத்துல ஆடுது. நம்ம ஊர்க்காரன் எவன் இங்க வந்து பாக்கப் போறான்? வந்தான்னா அவன் பொண்டாட்டி படமும் பக்கத்துல தொங்கும்," என்றான். சுற்றி நின்ற அவனுடைய ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது சொன்னேன்: "இனிமே இந்த அய்ன் தியாப் மண்ணுல நான் கால் வச்சேன்னா, என் பொண்டாட்டி எனக்கு ஹராம்."

சிரிப்பு நின்றது. அந்தச் சத்தியம் என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மீறினால் மனைவி மனைவியாக இருக்க மாட்டாள். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் இமாம் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். "ஜிலாலி, பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போடு. தீந்துபோச்சு," என்றார். நான் முப்பத்திநாலு வயதில் இரண்டு ரயில்களுக்கு நடுவே எழுத்துக்கூட்டிப் படித்தவன். மார்க்கப் புத்தகத்தை நானே பார்த்தேன். சிலர் தீரும் என்கிறார்கள், சிலர் தீராது என்கிறார்கள். சாப்பாடு போட்டுத் தீர்கிற வார்த்தையை நான் சொல்வதில்லை.

இதற்காகத்தான் என்னை விட்டுவிட்டுப் புதைத்தீர்களா? வருவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவன் நான். அந்த உரிமையை என்னிடமிருந்து எடுத்தது யார்?

முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது வலி இல்லை.

ஜிலாலி


அய்ன் தியாப்
3 மார்ச்

பெரிய மச்சானுக்கு,

ஸலாம். உங்களுக்கு உடம்பில் குறையில்லை என்று படித்ததும் நிம்மதி. அக்காவுக்கு வலி இல்லை என்று படித்தபோது நுஸ்ஹாவை நிறுத்தி அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். பதினெட்டு வருடம் ஆகஸ்டுதோறும் மணல் அனுப்பினார். அவர் போன பிறகுதான் அது வேலை செய்திருக்கிறது என்றால் அவருக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

முதல் மூட்டையை அவர் கட்டிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் சத்தியம் செய்து போன மறு வருடம். "எதுக்கு இது? அவர் எட்டி ஒதைப்பார்," என்றேன். "அண்ணன் இந்த மண்ணுக்கு வரமாட்டான். மண்ணு அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். அண்ணி முழங்காலுக்கு இதுதான் மருந்து. சூடாக்கிக் கட்டினா அன்னிக்காவது தூங்குவாங்க," என்றார். துறைமுகத்தில் பாஸ்பேட் வண்டி கார்டைப் பிடித்து, காலி வண்டி திரும்பும்போது கிராசிங்கில் தள்ளிவிடச் சொன்னார். அந்த வண்டி அங்கே நிற்காதாமே, வேகம் மட்டும் குறையுமாமே? மூட்டை உருண்டு போய் உங்கள் வாசலில் நிற்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நாற்பது முடிந்துவிட்டது. மீஸான் கல்லில் என்ன எழுத வேண்டும்? மூத்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

அக்கா ஏன் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை? என் மேல் கோபமா? எழுத வராவிட்டால் கடிதத்தின் அடியில் கட்டைவிரலை மை தொட்டு வைக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால் போதும்.

கல்தூம்


கிராசிங் வீடு
10 மார்ச்

கல்தூமுக்கு,

ஸலாம். நலம் வேண்டுகிறேன்.

நான் கேட்டது ஒரு பெயர். மூன்று கடிதம் ஆயிற்று. அது வரும்வரை மீஸான் கல் நடக் கூடாது. கல்லில் தகப்பன் பெயர் வரும், அது எனக்கும் தகப்பன். நான் சரி என்று எழுதும்வரை அந்தக் கபரில் ஒரு சுள்ளியைக்கூட யாரும் நட்டுவைக்கக் கூடாது.

ஜிலாலி


அய்ன் தியாப்
4 ஏப்ரல்

பெரிய மச்சானுக்கு,

ஸலாம். இதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நீங்கள் நலமாக உட்கார்ந்து படிக்கும் நேரத்தில் இது வந்து சேர வேண்டும். அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டாதீர்கள். ஏன் என்பது படித்தால் புரியும்.

போன ஜூனிலேயே அவருக்குக் கண்ணில் மஞ்சள் ஏறிவிட்டது. ஈரலில் கட்டி என்றார்கள். அக்டோபரில் ஆஸ்பத்திரியில் வைத்தோம். டிசம்பரில் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றுவிட்டார்கள். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன், "அண்ணனுக்குத் தந்தி அடிக்கிறேன். ஒரு தடவ மொகத்தைப் பாத்துக்கோங்க."

"வேணாம்."

"பத்து பேருக்குச் சாப்பாடு போட்டாப் போச்சு. இமாமே சொல்லியிருக்காராம்."

"யாரு, எங்கண்ணனா? சாப்பாடு போட்டுச் சத்தியத்தைத் தீக்கிற ஆளா அவன்? நீ அவன்கூட மூணு நாள் இருந்தவ. நான் அவன் கையால வளந்தவன். தந்தி போனா வருவான். கண்டிப்பா வருவான். என்னைக் கட்டிப் புடிச்சு அழுவான். ஊருக்குத் திரும்பினதும் அண்ணி பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சுருவான். சொன்ன சொல்லு சொன்னதுதான்னு."

கஞ்சிக் கரண்டியை நீட்டினேன். அவரே மறுபடி சொன்னார். "அண்ணி வந்தப்ப எனக்கு ஒம்போது வயசு. என் தலையில பேன் பாத்தவங்க. இந்த வயசுல அவங்க எங்க போவாங்க? எனக்கு ரெண்டு கை மண்ணு போடறதுக்காகவா? மண்ணு போட இங்க ஆளா இல்ல? இந்தக் கரை முழுக்க மண்ணுதான்."

"அப்ப புதைச்சப்புறம் சொல்லிடறேன்."

"அப்பவும் சொல்லாத. கபரைப் பாக்கணும்னு ஓடி வந்துருவான். தானா அவன் காதுக்குப் போறப்ப போகட்டும். உன்னைத் திட்டுவான். வாங்கிக்க. ஏன்னு மட்டும் சொல்லிராத. சொன்னா, உன்னாலதான் தம்பி மொகத்தைப் பாக்கலன்னு அண்ணியைச் சாகற வரைக்கும் குத்துவான்."

நான் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு அவர் சொல்லை மீறிச் சொல்லிவிட்டேன். ஒரு சுள்ளிகூட நட வேண்டாம் என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாங்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட பெயர் புஷைப். உங்கள் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார். அக்காவை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்தூம்


அய்ன் தியாப்
2 மே

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஸலாம். ரமலான் தொடங்கிவிட்டது. பெரியம்மாவும் நீங்களும் சுகமாக நோன்பு பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதை அம்மா சொல்லி எழுதவில்லை, நானாக எழுதுகிறேன்.

ஒரு மாதமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. எழுதியிருக்கக் கூடாது என்று அம்மா தினமும் சொல்கிறாள். பெரியம்மா கையில் அந்தக் கடிதம் கிடைத்துவிட்டதோ, வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதோ என்று பயப்படுகிறாள். வெள்ளையில் இருப்பதால் வெளியே போகவும் முடியாது. ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்று. ரமலானுக்குப் பத்து நாள் முன்பு டீக்காரர் வந்து சொன்னார்: "உங்கப்பா மூக்கோட ஒரு பெரியவர் கடற்கரைச் சுவத்து மேல உக்காந்திருந்தாரும்மா. ரெண்டு மணி நேரம். செருப்பைக் கழட்டவேயில்ல. டீ குடுத்தேன், குடிக்கல. 'இங்க இவ்ளோ பேரு சும்மா இருக்காங்களே, இவங்க வீட்டுல யாரும் சாகறதேயில்லையா'ன்னு கேட்டாரு. 'சாகறாங்க ஹாஜி, செத்துட்டு மறுநாள் வந்து படுத்துக்கறாங்க'ன்னேன். சிரிக்கல."

அது நீங்கள் இல்லையே, பெரியப்பா? நீங்களாக இருக்க முடியாது என்று அம்மா சொல்கிறாள். நீங்களாக இருந்தால் பெரியம்மாவின் கதி என்ன?

ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நுஸ்ஹா


கிராசிங் வீடு
9 மே

கல்தூமுக்கும் நுஸ்ஹாவுக்கும்,

ஸலாம். நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

சுவரில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஹனியாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். காட்ட அவள் இல்லை. 1985 பிப்ரவரியில் இறந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல், வெளியே மழை, டாக்டர் வருகிற சாலையில் வெள்ளம். "கொழுந்தனுக்குச் சொல்லி விடுங்க," என்று இரண்டு தடவை சொன்னாள். சரி என்றேன். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தோம். நான் சொல்லி விடவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். நானும் இந்த ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னால் புஷைப் வருவான். கபரில் அழுதுவிட்டு, "சத்தியம் தீந்துபோச்சுண்ணே, இனி வா, எங்ககூட இரு," என்பான். எல்லோரும் அதையே சொல்வார்கள். இறந்த மனைவியை எந்தச் சத்தியமும் ஹராமாக்காது என்று எனக்கும் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது. அவள் இருக்கும்வரைதான் என் வார்த்தைக்கும் உயிர். அவள் போனபின் வீட்டில் மிஞ்சியது அந்த வார்த்தை ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் எழுதலாம் என்று வைத்தேன். ஆகஸ்ட் வந்தது, மணல் மூட்டை வந்தது. அதன் பிறகு எப்படி எழுதுவது? மறு ஆகஸ்டில் இன்னொன்று வந்தது. இரண்டும் முற்றத்தில் பிரிக்காமல் கிடக்கின்றன. வலி இல்லை என்று நான் எழுதியது பொய்யில்லை.

ஆக, இரண்டு வருடமாக நான் எந்த நாளும் வந்திருக்கலாம். போன ஆகஸ்டில் வந்திருக்கலாம், டிசம்பரில் வந்திருக்கலாம். என்னைத் தடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. அவனோ, இல்லாமல் போய்விட்ட ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு அங்கே படுத்திருந்தான்.

உன் கடிதம் வந்த பத்தாம் நாள் ஷேர் டாக்சி பிடித்துக் காசாபிளாங்காவுக்கு வந்து, கபர்ஸ்தானுக்குப் போனேன். காவலாளியிடம் பெயரைச் சொன்னேன். "ஜனவரியா? இந்த வரிசை முழுக்க ஜனவரிதான் ஹாஜி. கல்லைப் பாருங்க, பேர் இருக்கும்," என்றான். "கல் நடல," என்றேன். "நடாம எப்படி ஹாஜி? எந்த வீட்டுக்காரங்க அது, இவ்ளோ நாளா ஒரு கல்லுகூட வைக்காம?" என்றான். வரிசையோடு நடந்து பார்த்தேன். கல் இல்லாத மேடு ஏழு இருந்தது. ஏழுக்கும் ஃபாத்திஹா ஓதினேன்.

பிறகு கீழே இறங்கிக் கடற்கரைக்கு வந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் பார்த்தது போலவே இருந்தது. தண்ணீர் வற்றியிருந்ததால், பாறை மேல் இருக்கும் தர்காவுக்குப் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பையன்கள் பந்து உதைத்தார்கள். ஒருவன் குடை விரித்துக்கொண்டிருந்தான், அது புஷைபின் குடையா என்று தெரியவில்லை. சுவரைத் தாண்டி மணலில் இறங்க என் கால் வரவில்லை. உன் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். ஜன்னலில் வெள்ளை தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

என் முதல் கடிதத்தை நீ கிழிக்காமல் வைத்திருந்தால் எடுத்துப் பார். முதல் வரியில் நான் எழுதியிருக்கும் குற்றத்தை உனக்கு முன்னால் செய்தவன் நான்.

ஜிலாலி


அய்ன் தியாப்
23 மே

ஜிலாலிக்கு,

ஸலாம். இந்த முறை உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. நுஸ்ஹா வார்த்தைகளை மெதுவாக்கப் பார்க்கிறாள். நான் சொன்னபடியே எழுது என்றிருக்கிறேன்.

போன சனிக்கிழமை வெள்ளையைக் கழற்றினேன். நாலு மாதம் பத்து நாள் அவருக்காக உடுத்தினேன். அக்காவுக்காக ஒரு வேளைகூட அழவில்லையே. இரண்டு வருடமாக ஒவ்வொரு தொழுகையிலும் அக்காவின் ஆயுளுக்கு துஆ கேட்டிருக்கிறேன். அந்த துஆ எங்கே போயிற்று என்று நீங்கள்தான் படித்தவர், சொல்லுங்கள்.

போன ஆகஸ்டில் அவரால் நிற்க முடியாது. நாற்காலி போட்டு மணலில் உட்கார்ந்தார். அலை தொடும் இடத்து மணல் வேண்டாம், உப்பு பிடித்திருக்கும், மேட்டிலிருந்து அள்ளு என்றார். நான் அள்ளிப் போட, என் கூஸ்கூஸ் சல்லடையில் அவரே சலித்தார். ஐந்து நிமிடம் சலிப்பார், பத்து நிமிடம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சலிக்காட்டி என்ன இப்ப?" என்று எரிந்து விழுந்தேன். "சிப்பித் துண்டு இருந்தா சூட்டுல அண்ணி தோலைச் சுட்டுரும்," என்றார். அந்த ஒரு மூட்டைக்கு நாலு நாள் ஆயிற்று. அக்கா அப்போது மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடம்.

நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால், அவர் அந்த நாலு நாளும் வீட்டில் படுத்திருப்பார். ஒரு வரி எழுதியிருந்தால், டிசம்பரில் தந்தி போயிருக்கும், நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். கடைசி வாரத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் பார்ப்பார். "யாரு?" என்பார். டீக்காரர் என்பேன். சரி என்பார். உங்களை மன்னிக்க எனக்கு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். புகைப்படக்காரனிடமிருந்து வாங்கிக் கிழிக்கச் சொல்லி நீங்கள் கத்தினீர்களே, அது. அவர் வாங்கினார், கிழிக்கவில்லை. முதலில் அக்காவைப் பாருங்கள். பிறகு அக்காவுக்கு இடது பக்கம் பாருங்கள்.

கல்தூம்


கிராசிங் வீடு
15 ஜூன்

கல்தூமுக்கும் நுஸ்ஹாவுக்கும்,

ஸலாம். பெருநாள் கழிந்தது. உங்கள் நோன்பும் பொறுமையும் ஏற்கப்படட்டும். என் நெஞ்சில் போன மாதத்திலிருந்து ஒரு பிடிப்பு இருக்கிறது. கேட்காமல் விட்டது உன் உரிமை, எழுதுவது என் கடமை. இனி எதையும் சொல்லாமல் விடப் போவதில்லை.

படத்தைப் பார்த்தேன். ஹனியாவின் படம் வேறு ஒன்றும் இந்த வீட்டில் இல்லை. அவளுக்கு இடது பக்கம் தண்ணீரில் ஒருவன் நிற்கிறான். ஒரு கையில் அவளுடைய செருப்பு, மறு கையில் அவள் கை. ஜெல்லாபா அங்கி நனையாமல் இருக்க அதன் ஓரத்தைத் தூக்கிப் பல்லில் கடித்திருக்கிறான். யாரோ குடைக்காரன் என்று நினைத்தேன். மூக்கைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

பத்தொன்பது வருடம் நான் சாலையில் நின்றதாகத்தான் சொல்லிவந்தேன். செருப்பைக் கழற்றவில்லை என்று உனக்கும் எழுதினேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஹனியாவுக்குத் தெரியும். பதினேழு வருடம் கூடவே இருந்தாள், ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை.

நீ மன்னிப்பாயா என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை, கேட்டால் நீ கொடுக்க வேண்டியிருக்கும். செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மீஸான் கல்லை இந்த வாரமே நுஸ்ஹா நிற்க, குடைக்காரர்கள் நட வேண்டும். புஷைப், தகப்பன் பெயர், நாள். அண்ணன் பெயர் வேண்டாம். அந்தக் காவலாளியிடம் நுஸ்ஹா சொல்ல வேண்டும், இவ்வளவு நாள் கல் நடாமல் வைத்தது அந்த வீட்டுக்காரர்கள் இல்லை, பென் அஹ்மத்திலிருந்து வந்த கிழவன் என்று.

பத்து ஏழைகளுக்கு நான் சாப்பாடு போட வேண்டும். சத்தியம் எப்போதோ தீர்ந்துவிட்டது, இருந்தாலும் போட வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை. இமாமிடம் சொல்லிவிட்டேன். "இருபது வருசம் லேட்டு," என்றார். ஆமாம் என்றேன்.

ஹனியாவின் கபருக்கு நீ வர வேண்டும், கல்தூம். அது எனக்காக இல்லை. நான் சந்தைக்குப் போகிற நாளில் வா, வீட்டில் என்னைப் பார்க்க வேண்டியிருக்காது. சாவி இப்போது கேட்டில் நிற்கும் அல்லாலிடம் இருக்கும். அவளுடைய அலமாரியை யாரும் திறக்கவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்.

எனக்கு ஏதாவது ஆனால் அல்லால் உடனே உங்களுக்குத் தந்தி அடிக்க வேண்டும். படிவத்தை நானே நிரப்பி அவனிடம் கொடுத்திருக்கிறேன், நாள் மட்டும் காலியாக இருக்கிறது. பிற்பகல் அஸர் தொழுகை வரை என்னைப் புதைக்கக் கூடாது என்று இமாமிடம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். காலையில் தந்தி கிடைத்தால், அஸருக்குள் டாக்சியில் வந்துவிடலாம். வருவதா வேண்டாமா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். வராவிட்டால் அஸருக்குப் பின் எடுத்துவிடுவார்கள், யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது.

மணல் மூட்டைகளில் ஒன்றை நேற்று ஹனியாவின் கபர் மேல் நானே கொட்டினேன். முழங்கால் இருக்கும் இடத்தில். மற்றதை அல்லால் குழிக்குக் கொண்டுவர வேண்டும். என்னை இறக்குவதற்கு முன், குழி வெட்டுகிறவன் அதைக் கால் வரும் பக்கத்தில் பரப்ப வேண்டும், என் பாதம் அதில் படும்படியாக. சலிக்கட்டுமா என்று அவன் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். என் தம்பி சலித்துவிட்டான்.

ஜிலாலி